பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தால்...

குழந்தை இதயம்: டாக்டர் பதில்கள்

போன இதழில் இதயத்தில் ஓட்டை பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, "ஓட்டை இல்லை டாக்டர், ஆனால்..." என்று ஆரம்பிக்கின்றன. அந்த "ஆனால்"களில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே கரோனரி தமனிகளைப் பற்றியவை. உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் இதயம், தன் தசைக்கு வேண்டிய ரத்தத்தை இந்த இரண்டு குழாய்கள் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அவை பிறவியிலேயே இடம் மாறி அமைந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. முதல் கடிதம் நீளம். பதிலும் நீளமாகத்தான் இருக்கும். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு இப்போது ஏழு மாதம். பிறந்தபோது மூன்று கிலோ, நல்ல அழுகை, நல்ல நிறம். மறுநாள் கையிலும் காலிலும் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள், 98 என்றார்கள். ஒன்றரை மாதம் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான், பால் குடிக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே வாயை எடுத்துவிட்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள். நெற்றி நனைந்துவிடும். வாயைச் சுற்றி வெளுத்துப்போகும். இரண்டு டாக்டர்கள் வாயு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாக இருந்தது. எக்கோ எடுத்து, "இதயத் தசை பலவீனம், பம்பிங் 20 சதவீதம்தான்" என்றார்கள். வேறோர் இடத்தில் மறுபடி எக்கோ எடுத்தபோதுதான் இடது ரத்தக் குழாய் தப்பான இடத்திலிருந்து வருகிறது, அல்காப்பா என்று சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் மனசு ஆறவில்லை. கர்ப்பத்தில் நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? நன்றாகப் பிறந்த குழந்தைக்கு எப்படி இப்படி ஆனது? ஏன் யாருக்கும் தெரியவில்லை?

பதில்: முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா: இல்லை. கருவில் ஒரே தண்டாக இருக்கும் பெரிய குழாய், உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி ஒன்று, நுரையீரலுக்குக் கொண்டுபோகும் நுரையீரல் தமனி ஒன்று என இரண்டாகப் பிரிகிறது. கரோனரி குழாய்கள் வந்து மகாதமனியோடு சேர்கின்றன. இதெல்லாம் முதல் இரண்டு மாதத்தில், கொஞ்சம் முன்பின்னாக, முடிந்துவிடுகிற வேலை. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே அப்போதுதான் உறுதியாகியிருக்கும். நீங்கள் சாப்பிட்டது, தூக்கியது, அழுதது எதுவும் அந்தக் குழாயை நகர்த்தவில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஒரு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியிலிருந்து பிரிய வேண்டிய வாய்க்கால், பக்கத்தில் இருக்கிற குளத்திலிருந்து பிரிந்துவிட்டது. ஏரி என்பது மகாதமனி, குளம் என்பது நுரையீரல் தமனி, வாய்க்கால் என்பது இடது கரோனரி, வயல் என்பது இதயத் தசை. குழந்தை வயிற்றில் இருக்கும்வரை ஏரியும் குளமும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும். நுரையீரல் அப்போது வேலை செய்யாததால் அங்கே அழுத்தம் அதிகம். இரண்டிலும் ஓடுகிற ரத்தத்தின் ஆக்சிஜனிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வாய்க்கால் எங்கிருந்து பிரிந்தாலும் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. குழந்தை கொழுகொழு என்று பிறக்கிறது.

பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரல் விரிகிறது. குளத்தின் மட்டம் இறங்கத் தொடங்குகிறது. ஒரே நாளில் இல்லை, ஆறு முதல் எட்டு வாரத்தில், மெதுவாக. குளம் வற்ற வற்ற வாய்க்காலில் ஓட்டம் குறைகிறது. அதற்குள் வலது கரோனரி, அது ஏரியிலிருந்து ஒழுங்காகப் பிரிந்த வாய்க்கால், வரப்புகளுக்கு நடுவே கசிந்து கசிந்து இடது பக்க வயலுக்கும் கொஞ்சம் தண்ணீர் தரப் பார்க்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரும் வயலில் நிற்பதில்லை. இடது வாய்க்கால் வழியே பின்னோக்கி ஓடி, பள்ளமாகிவிட்ட குளத்தில் போய் விழுகிறது. எங்கள் பாஷையில் இதற்கு "ஸ்டீல்" என்று பெயர், திருட்டு என்று அர்த்தம். வாய்க்கால் இருக்கிறது, தண்ணீரும் ஓடுகிறது, வயல் மட்டும் காய்கிறது. உங்கள் மகளுக்கு ஒன்றரை மாதம் வரை குறையே தெரியாமல் இருந்ததும் அதற்குப் பிறகு ஆரம்பித்ததும் இதனால்தான்.

சரி, ஏன் பால் குடிக்கும்போது மட்டும்? பெரியவர்களுக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்கும். இரண்டு மாதக் குழந்தைக்கு மாடிப்படி என்பது பால் குடிப்பதுதான். உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். அந்த வயதில் அதைவிடக் கடினமான வேலை அதற்குக் கிடையாது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசை கூடுதல் ரத்தம் கேட்கிறது, கொடுக்க ஆள் இல்லை. நெஞ்சு வலிக்கிறது. சொல்லத் தெரியாததால் வாயை எடுத்துவிட்டு அழுகிறது, வெளுக்கிறது, வியர்க்கிறது. ஆம், கைக்குழந்தைக்கும் மாரடைப்பு வரும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஏன் யாருக்கும் தெரியவில்லை என்கிறீர்கள். விரலில் மாட்டும் கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிற நோய்களைப் பிடிக்கத்தான். உங்கள் மகளின் மகாதமனியில் ஓடிய ரத்தத்தில் ஆக்சிஜன் முழுசாக இருந்தது. 98 என்பது உண்மையான எண்தான். ஸ்டெத்தில் பெரிய சத்தமும் கேட்காது. பிறந்த வாரத்தில் ஈ.சி.ஜி எடுத்திருந்தால் அதுவும் அநேகமாக ஒழுங்காகவே இருந்திருக்கும். மூன்று லட்சம் பிறப்புக்கு ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலான குழந்தை மருத்துவர்கள் தங்கள் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறுவார்கள். அந்த இரண்டு டாக்டர்களையும் நான் குறை சொல்லப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் நான் பயிற்சியில் இருந்த சமயம். புறநோயாளிப் பிரிவில் கூட்டம். பத்து வாரக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்த தாய், "குடிக்கும்போது எங்கேயோ வலிக்குது போல டாக்டர், முகம் சுருங்கிடுது" என்றார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. வாயு என்று எழுதிக்கொடுத்தேன். ஒன்பதாம் நாள் அதே குழந்தை மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்தது. ஈ.சி.ஜி தாளை என் மூத்த டாக்டர் மேஜைமேல் விரித்து, இதயத்தின் இடது பக்கத்தைக் காட்டுகிற, ஏ.வி.எல் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். துடிப்பின் தொடக்கத்தில் கோடு கீழே இறங்குகிற கியூ அலை, கிணறு மாதிரி இறங்கியிருந்தது. ஐம்பது வயதுக்காரருக்கு மாரடைப்பு வந்துபோன பின் இருக்கிற அதே கிணறு. "குழந்தை பால் குடிக்கிறதைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. ஆபரேஷனுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே அந்தக் குழந்தை போய்விட்டது.

அன்றிலிருந்து என் அறையில் ஒரு பழக்கம் உண்டு. பால் குடிக்கும்போது அழுகிறது என்று யார் சொன்னாலும், "இங்கேயே கொடுங்கள் அம்மா, நான் பார்க்கிறேன்" என்பேன். கடிகாரத்தை மேஜையில் வைத்துக்கொள்வேன். வாயு உள்ள குழந்தை நெளியும், காலை மடக்கும், ஏப்பம் விட்டதும் மறுபடி ஆவலோடு குடிக்கும், எடை ஏறிக்கொண்டே இருக்கும். இதயக் குழந்தை இரண்டு மூன்று நிமிடத்தில் களைத்து விட்டுவிடும், விலா எலும்புக்கு நடுவே குழி விழ மூச்சு வாங்கும், நெற்றியில் கை வைத்தால் ஜில்லென்று வியர்வை. பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது முக்கால் மணி நேரம் இழுக்கும். இந்த வித்தியாசம் எந்த மெஷினிலும் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இதில் சிக்கல் என்னவென்றால், வாயு அழுகை உச்சத்துக்குப் போவதும் ஆறாவது வாரம்தான், இந்த நோய் தலைகாட்டுவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். அதனால்தான் இரண்டும் குழம்புகின்றன.

இந்தக் குழப்பம் புதிதில்லை. 1933-ல் பாஸ்டனில் பிளாண்ட், ஒயிட், கார்லாண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் மூன்று மாதக் குழந்தை ஒன்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அவர்கள் விவரித்ததும் பால் குடிக்கும்போது வந்த அதே வேதனையைத்தான். அவர்கள் பெயராலேயே இந்த நோயை இன்றும் சொல்கிறோம். இடம் மாறிய குழாயைப் பற்றிய குறிப்பு அதற்கும் முன்னால், 1885-லேயே உண்டு. ரத்தம் அந்தக் குழாயில் பின்னோக்கி ஓடுகிறது என்பது ஆபரேஷன் மேஜையிலேயே அளந்து நிரூபிக்கப்பட்டது 1960-ல்தான். அமெரிக்காவில் சபிஸ்டன் என்ற அறுவை மருத்துவரும், ஆக்சிஜன் குறைந்து நீலம் பாரிக்கிற குழந்தைகளுக்குச் சிகிச்சை வழி கண்ட ஹெலன் டௌசிக்கும் சேர்ந்து செய்த வேலை அது. அப்போது செய்த வைத்தியம், குழாயைக் கட்டிவிடுவது. திருட்டை நிறுத்தினால் வலது பக்கத்துக் கசிவாவது வயலில் நிற்குமே என்று. இன்று அப்படிச் செய்வதில்லை.

உங்கள் மகளுக்குச் செய்ததைச் சொல்கிறேன். நுரையீரல் தமனியின் சுவரில் அந்தக் குழாய் வாயைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தை வெட்டி எடுப்பார்கள். அதை நாங்கள் "பட்டன்" என்போம், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. குழாயின் உள்வாய் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அந்தப் பட்டனைத் திருகாமல், இழுக்காமல் மகாதமனிக்குக் கொண்டுபோய், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். கொஞ்சம் முறுக்கினாலும் ரத்தம் போகாது. குழாய் எட்டாத தூரத்தில் இருந்தால், நுரையீரல் தமனிக்குள்ளேயே ஒரு சுரங்கம் கட்டி மகாதமனியோடு சேர்ப்பார்கள். தகேயூச்சி என்ற ஜப்பானிய மருத்துவர் 1979-ல் சொன்ன வழி அது. ஆபரேஷன் முடிந்ததும் பம்பிங் உடனே ஏறிவிடாது. சில குழந்தைகளை, இதயமும் நுரையீரலும் செய்கிற வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ மெஷினில் சில நாள் வைத்திருக்க வேண்டிவரும், இதயத்துக்கு ஓய்வு கொடுக்க.

இரண்டாவது எக்கோவில் கண்டுபிடித்தவரை நினைத்து எனக்கு மகிழ்ச்சி. "தசை பலவீனம்" என்ற பெயரோடு வருகிற ஒவ்வொரு குழந்தையிலும் இடது கரோனரி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் தசை நோயாக இருந்தால் மருந்து, காத்திருப்பு, கடைசியில் இதய மாற்று என்று போகும். இதுவாக இருந்தால் ஒரு ஆபரேஷன். ஆனால் எக்கோ ஏமாற்றும். மகாதமனிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மடிப்பு, குழாய் சரியான இடத்தில்தான் பிறக்கிறது என்பது மாதிரியே திரையில் காட்டும். படத்தை நம்பாமல் கலர் போட்டு ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வலது கரோனரி அளவுக்கு மீறிப் பருத்திருக்கும், அது இன்னொரு துப்பு. என்னிடம் எக்கோ கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எந்தக் குழந்தையானாலும் "ஒன்று, ரெண்டு" என்று இரு கரோனரிகளையும் வாய்விட்டு எண்ணிக் காட்டாமல் புரோபை, நெஞ்சில் வைத்துப் பார்க்கிற அந்தக் கருவியை, கீழே வைக்கக் கூடாது. கேலி செய்வார்கள். பரவாயில்லை.

சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. உங்கள் மகள் பார்ப்பாள் அம்மா. இரண்டு பேர் வாயு என்று சொன்ன பிறகும் மூன்றாவது இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள்தானே?

கேள்வி: டாக்டரம்மா, போன இதழில் சொன்ன மாதிரி நோயெல்லாம் இருக்கிறது என்று மகன் படித்துக் காட்டினான். பேரன் பிறந்து இருபது நாள். எல்லாக் குழந்தைக்கும் எக்கோ எடுத்துவிட்டால் என்ன?

பதில்: வேண்டாம் பாட்டிம்மா. காரணமில்லாமல் எடுக்கிற பரிசோதனைகள் எதையாவது ஒன்றைக் காட்டிப் பயமுறுத்தும். பிறந்த குழந்தைகளில் பலருக்குத் தானே மூடிக்கொள்கிற சின்ன ஓட்டைகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீடே தூக்கமில்லாமல் கிடக்கும். அதைவிட, பேரன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். அறுபதுக்கு மேலே போனால், இன்னொரு முறை எண்ணியும் அப்படியே இருந்தால், அன்றைக்கே காட்டுங்கள். வெக்கையில் வியர்ப்பது பற்றிக் கவலைப்பட வேண்டாம். குளிர்ந்த அறையிலும் ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் வியர்த்தால், வாரா வாரம் எடை ஏறாமல் நின்றால், அப்போது "ஒரு ஈ.சி.ஜி எடுக்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். ஊசி இல்லை, வலி இல்லை, ஐந்து நிமிடம். கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: முதல் பிள்ளைக்கு அல்காப்பா. ஆபரேஷன் ஆகி இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நான் மறுபடி ஐந்து மாதம். இதற்கும் வருமா? ஸ்கேனில் தெரிந்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் வராது. இது குடும்பத்தில் தொடர்ந்து வருகிற நோய் இல்லை, அநேகமாக எல்லாமே தனித்தனியாக நிகழ்ந்தவை. ஆனாலும் ஒரு பிள்ளைக்குப் பிறவி இதயக் குறை இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் ஏதோ ஒரு இதயக் குறை வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் குழந்தை இதய மருத்துவரிடம் கருவின் எக்கோ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அறைகள், வால்வுகள், பெரிய குழாய்கள் எல்லாம் தெரியும். கரோனரி தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த வயதில் அது நூலளவுதான்.

பிறந்த பிறகு எக்கோ எடுக்கும்போது, முதல் பிள்ளையின் கதையைச் சொல்லி, "கரோனரி ரெண்டும் எங்கிருந்து வருதுன்னு பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிறந்த வாரத்தில் குளத்தின் மட்டம் இன்னும் இறங்கியிருக்காது, ஆகவே தப்பான குழாயிலும் ரத்தம் சரியான திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கலரைப் பார்த்து மட்டும் "நார்மல்" என்று சொல்லிவிட முடியாது. நான் என்றால் பிறந்ததும் ஒரு முறை, இரண்டு மாதத்தில் ஒரு முறை பார்ப்பேன்.

கேள்வி: பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யூவில் நர்ஸாக இருக்கிறேன். அல்காப்பா உள்ள ஒரு குழந்தைக்கு ஆக்சிஜனைக் குறைத்து வைக்கச் சொன்னார் இதய டாக்டர். மூச்சு வாங்குகிற குழந்தைக்கு ஆக்சிஜனைக் குறைப்பதா என்று எனக்குக் கை நடுங்கியது. ஏன் அப்படி?

பதில்: உங்கள் கை நடுங்கியது நியாயம்தான் சிஸ்டர். கேட்டதும் நல்லது. ஆக்சிஜன் நுரையீரல் குழாய்களை விரிக்கும். பல குழந்தைகளுக்கு அது நல்லது. இந்தக் குழந்தைக்குக் குளத்தின் மட்டம் இன்னும் கீழே போகும், திருட்டு இன்னும் கூடும். நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்கிற மருந்துகளும் அப்படித்தான். அதற்காக ஆக்சிஜனே கொடுக்கக் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தேவைக்கு மேல் அள்ளிக் கொட்ட வேண்டாம் என்பதுதான் விஷயம். எந்த எண்ணுக்குள் வைக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, கட்டில் தலைமாட்டில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ராத்திரி டியூட்டிக்கு வருகிறவருக்குக் கதை தெரியாது.

கேள்வி: கல்லூரியில் பாஸ்கெட் பால் ஆடுகிறேன். அமெரிக்க வீரர் பீட் மாராவிச் பிறவி இதயக் குறையோடே இத்தனை வருடம் ஆடினார் என்று படித்தேன். அதுவும் இந்த நோயா? எனக்கும் இருந்தால் எப்படித் தெரியும்?

பதில்: வேறு நோய், ஒரே குடும்பம். மாராவிச் பத்து சீசன் என்.பி.ஏவில் ஆடியவர். 1988 ஜனவரியில், நாற்பது வயதில், சும்மா நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில்தான் அவருக்கு இடது கரோனரியே இல்லை என்று தெரிந்தது. பிறந்ததிலிருந்து வலது ஒன்றே முழு இதயத்தையும் தாங்கியிருக்கிறது. அந்த இதயத்தை வைத்துக்கொண்டு அந்த ஆட்டம் எப்படி ஆடினார் என்பது இன்றும் எனக்குப் பிரமிப்புதான்.

இளம் வீரர்களில் நாங்கள் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. இடது கரோனரி மகாதமனியிலிருந்துதான் வரும், ஆனால் தப்பான பக்கத்தில், மகாதமனியின் அடியில் இருக்கிற வலது குழிவிலிருந்து பிறந்து, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே நுழைந்து போகும். அதன் வாய் பலருக்குப் பிளவு மாதிரி ஒடுங்கியிருக்கும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகமாக ஓடும்போது ரத்தம் தடைப்படலாம். சாதாரண ஈ.சி.ஜி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் உடம்பைத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால், ஓடும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தால், "சரியா சாப்பிடல, வெயில்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மறுநாள் மைதானத்துக்குப் போகாதீர்கள். ஆட்டம் முடிந்து வரிசையில் நிற்கும்போது தலைசுற்றுவது வேறு, அது பெரும்பாலும் சாதாரணம். நடுவில் விழுவது வேறு. எக்கோ, தேவைப்பட்டால் சி.டி ஆஞ்சியோ. அதுவரை பந்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: பிறந்த இருபதாம் நாள் இதயத்தில் கூடுதல் சத்தம், மர்மர், கேட்கிறது என்று எக்கோ எடுத்ததில் "சின்ன கரோனரி ஃபிஸ்டுலா, காத்திருக்கலாம்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்கலாம். கரோனரியிலிருந்து ஒரு கிளை இதய அறைக்குள்ளேயே கசிகிறது, அவ்வளவுதான். சின்னதாக இருந்தால் பல தானே மூடிக்கொள்ளும். பெரிதாக இருந்து இதயம் வீங்கினால் காலிலிருந்து வயர் விட்டு அடைத்துவிடலாம். சொன்ன தேதியில் எக்கோவுக்குப் போங்கள், போதும்.

கேள்வி: மகனுக்கு அல்காப்பா ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். பம்பிங் 25-லிருந்து 48-க்கு வந்துவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் "மிட்ரல் வால்வு லீக், மிதம்" என்று அப்படியே இருக்கிறது. இன்னொரு ஆபரேஷனா? நினைத்தாலே தாங்கவில்லை. அவனை ஓட விடலாமா?

பதில்: பதற வேண்டாம். மிட்ரல் என்பது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கிற கதவு. அந்த வால்வைப் பிடித்திருக்கிற தசைத் தூண்களும் ரத்தமில்லாமல் பட்டினி கிடந்தவைதான். தூண் தளர்ந்தால் கதவு சரியாகச் சாத்தாது, அதுதான் லீக். இதயத் தசையில் ஒரு பகுதி செத்திருக்கும், ஆனால் பெரும்பகுதி செத்தது இல்லை, பட்டினியில் உறங்கிக் கிடப்பது. ரத்தம் போகத் தொடங்கியதும் மாதக் கணக்கில் மெதுவாக விழிக்கும். பம்பிங் 25-லிருந்து 48 என்பது அது விழித்துக்கொண்டிருப்பதன் அடையாளம். வீங்கிய இதயம் சுருங்கிப் பழைய அளவுக்கு வரும்போது வால்வும் பெரும்பாலும் கூடவே தேறும். ஒரு வருடம் தாண்டியும் லீக் அதிகமாகவே இருந்தால், இதயம் சுருங்க மறுத்தால், அப்போது வால்வைச் சரிசெய்வது பற்றிப் பேசலாம். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தை நன்றாக விளையாடுகிறான் என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். விளையாடுவதே மருந்தால்தான் என்பது மறந்துபோகும். தவழட்டும், நடக்கட்டும், ஓடட்டும், தடுக்காதீர்கள். இந்த வயதில் குழந்தை தானே தன் அளவை அறிந்து உட்கார்ந்துவிடும். பள்ளியில் போட்டி விளையாட்டு என்று வரும்போது, ஓடவிட்டு ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்துவிட்டுச் சம்மதிக்கலாம். தைத்த இடம் வளர வளர ஒடுங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருப்பதால் பெரியவனாகியும் வருடத்துக்கு ஒரு முறையாவது இதய மருத்துவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆபரேஷன் குறிப்பை, எந்த முறையில் செய்தார்கள் என்ற அந்தப் பக்கத்தை, நகலெடுத்துப் பத்திரமாக வையுங்கள். இருபது வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்த எக்கோ வந்ததும் வால்வு வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதற்கு மேலே இடது கீழறையின் அகலம் மில்லிமீட்டரில் இருக்கும். போன ரிப்போர்ட்டில் இருந்த எண்ணையும் இதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். கூடவே அவன் எடையையும்.